“முன்ன மாதிரி இல்ல சார்”: பதின்வயதுப் பிள்ளைகளின் அடையாளம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். பெற்றோர் கூட்டத்தில் எல்லோரும் மார்க்கைப் பற்றித்தான் பேசுவார்கள். கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது யாராவது ஒரு அம்மா தயங்கித் தயங்கி வந்து நிற்பார். “மார்க் கெடக்கட்டும் சார். பையன் முன்ன மாதிரி இல்ல.” கீழே இருப்பவை அப்படி நாற்காலி அடுக்கும் நேரத்தில் வந்த கேள்விகள். சிலவற்றைப் பிள்ளைகளே கேட்டார்கள். நான் மனநல மருத்துவர் இல்லை. படித்ததையும் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எல்லாப் பெற்றோரும் “முன்ன மாதிரி இல்ல” என்கிறார்களே, நிஜமாகவே ஏதாவது மாறுகிறதா?

மாறுகிறது. 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களைப் பதின்பருவத்தினர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இந்தியாவில் அந்த வயதில் சுமார் 25 கோடிப் பேர் இருந்தார்கள். உடம்பு வளர்வது கண்ணுக்குத் தெரிகிறது, மூளையில் நடப்பது தெரிவதில்லை. பரபரப்புக்கும் பாராட்டுக்கும் ஏங்க வைக்கிற பகுதிகள் இந்த வயதில் சீக்கிரமே சூடுபிடித்துவிடும். பின்விளைவை யோசித்து “நில்லு” என்று சொல்ல வேண்டிய மூளையின் முன்பகுதியோ இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கும்.

யோசிக்கும் விதமும் மாறுகிறது. எட்டு வயதுப் பிள்ளையிடம் “நீ யாரு?” என்று கேளுங்கள். பெயர், வகுப்பு, சைக்கிள் வைத்திருப்பது, எல்லாவற்றையும் மடமடவென்று சொல்லும். பிளஸ் ஒன் மாணவி ஒருத்தியிடம் இதையே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “யாருகிட்ட சார்?” என்று திருப்பிக் கேட்டாள். இந்தப் பக்கம் முழுக்க அவள் கேட்டதைப் பற்றித்தான்.

‘அடையாளம்’ என்பது பெரிய வார்த்தையாக இருக்கிறதே?

அந்த வார்த்தையைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் கதையைச் சொன்னால் புரியும். உளவியலாளர் எரிக் எரிக்சன் 1902-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்தவர். அம்மா டென்மார்க்கைச் சேர்ந்த யூதப் பெண். பெற்ற அப்பா யார் என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. வளர்த்த அப்பா ஒரு யூத மருத்துவர். பையனோ உயரம், வெளுத்த முடி, நீலக் கண். யூத ஆலயத்துக்குப் போனால் ‘நீ நம்ம ஆளே இல்லை’ என்று கிண்டல். பள்ளிக்கூடத்துக்குப் போனால் ‘நீ யூதன்’ என்று கிண்டல். 1933-ல் அமெரிக்காவுக்குப் போனவர், பிறகு தன் குடும்பப் பெயரையே எரிக்சன் என்று மாற்றிக்கொண்டார். ‘அடையாள நெருக்கடி’ என்ற சொல் இந்த மனிதரிடமிருந்து வந்ததில் ஆச்சரியம் இல்லை.

என் பார்வையில் அடையாளம் என்பது ஜாயின்ட் அக்கவுண்ட் மாதிரி. “நான் இப்படிப்பட்டவன்” என்று பிள்ளை ஒரு கையெழுத்துப் போட்டால் போதாது. “ஆமா, நீ அப்படித்தான்” என்று சுற்றி இருப்பவர்கள் இன்னொரு கையெழுத்துப் போட வேண்டும். அந்த இரண்டாவது கையெழுத்தை யாரிடம் வாங்குகிறான் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

பையன் தலைமுடியைக் கண்டபடி வெட்டிக்கொண்டு வருகிறான். சொன்னால் கேட்பதில்லை. என்ன செய்வது?

எங்கள் பள்ளியிலும் இது தீராத வழக்கு. பக்கவாட்டில் சிரைத்து, மேலே காடு மாதிரி விட்டு, நடுவில் ஒரு கோடு. தலைமையாசிரியர் நேரே சலூனுக்கே போய், “எங்க பசங்களுக்கு இப்படி வெட்டாதப்பா” என்று சொல்லிப் பார்த்தார். “நான் ஒழுங்கா வெட்டுனா பக்கத்துக் கடைக்குப் போயிடுறான் சார்” என்றார் அவர்.

பையன் ஒருவனிடம் தனியாகக் கேட்டேன். “பதினோரு பேரும் ஒரே கட்டிங் சார். நான் மட்டும் அப்பா கட்டிங்ல போய் நின்னா டீம்ல சேக்க மாட்டாங்க.” அவனுக்கு அது முடியே இல்லை, மைதானத்துக்கான நுழைவுச் சீட்டு.

உங்கள் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். ஸ்டெப் கட்டிங்கும் காதை மூடிய கிருதாவுமாக நிற்பது யார்? முடி வளரும், மாறும். சண்டை போடும் தெம்பை லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டுவது மாதிரியான விஷயங்களுக்கு மிச்சம் வையுங்கள்.

வீட்டில் நல்ல பிள்ளை. நண்பர்களோடு சேர்ந்தால் மட்டும் ஏன் வேறு ஆளாகிறான்?

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2005-ல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் கணினியில் ஒரு கார் விளையாட்டு வைத்தார்கள். மஞ்சள் விளக்கு எரியும். இன்னும் கொஞ்சம் ஓட்டினால் பாயின்ட் கூடும், சிவப்பு விழுந்து மோதினால் போச்சு. தனியாக விளையாடியபோது 13–16 வயதுப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தபோது பிள்ளைகள் துணிந்து ஓட்டியது தாறுமாறாக ஏறியது. 24 வயதைத் தாண்டியவர்களுக்கு யார் பார்த்தாலும் ஒன்றுதான்.

ஆக உங்கள் பிள்ளைக்கு ஆபத்து தெரியாமல் இல்லை. தனியாக இருக்கும்போது உங்களைப் போலவே கணக்குப் போடுகிறான். நண்பன் பார்க்கிறான் என்றதும் அந்தக் கணக்கில் ‘அவன் என்ன நெனப்பான்’ என்பதும் சேர்ந்துவிடுகிறது, அதன் எடையும் அதிகம். ஒரே பைக்கில் மூன்று பேராகப் போகும்போது விழுவதற்கும் தனியாகப் போகும்போது மெதுவாகப் போவதற்கும் காரணம் இதுதான். “அறிவில்லையா உனக்கு?” என்று கத்துவதால் பயன் குறைவு. சாவியைக் கொடுக்காமல் இருப்பது பயன்தரும்.

கெட்ட சகவாசத்தால் கெட்டுப்போகிறான் என்பது சரிதானே?

பாதி சரி. எந்த அம்மாவும் “என் பையன்தான் மத்தவனக் கெடுத்தான்” என்று சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோருடைய பையனும் இன்னொருவனால்தான் கெடுகிறான் என்றால் அந்த இன்னொருவன் யார் வீட்டில் இருக்கிறான்?

டெனிஸ் கேண்டல் என்ற சமூகவியலாளர் நியூயார்க் மாநிலப் பள்ளிகளில் நண்பர் ஜோடிகளை ஆண்டுத் தொடக்கத்திலும் முடிவிலும் விசாரித்து 1978-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். நண்பர்கள் ஒருவரைப் போல ஒருவர் இருப்பதற்கு இரண்டு காரணங்கள் கிடைத்தன. தன்னைப் போன்றவனைத் தேடிப் பிடிப்பது ஒன்று, பழகப் பழக அவனைப் போல ஆவது இன்னொன்று. ஏறக்குறைய இரண்டுக்கும் சம பங்கு.

அதனால் “அவனோட சேராதே” என்ற தடை பாதி நோய்க்குத்தான் மருந்து. அவனிடம் உங்கள் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையன் பீடி பிடிக்கிற கூட்டத்தோடு சுற்றினான். விசாரித்தால், அவனுடைய திக்குவாயைக் கிண்டல் செய்யாத ஒரே கூட்டம் அதுதான்.

சில பள்ளிகளில் பிள்ளைகள் கையில் கலர் கயிறு கட்டுகிறார்களே, அது வெறும் சாமிக் கயிறு இல்லையா?

சாமிக் கயிறும் இருக்கிறது. ஆனால் தென் மாவட்டங்களில் கயிற்றின் நிறத்தைப் பார்த்தே பையன் என்ன சாதி என்று சொல்லிவிடும் இடங்கள் உண்டு. 2019-லேயே பள்ளிக்கல்வித் துறை இதைப் பற்றிச் சுற்றறிக்கை விட்டது. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் வந்த அந்த அறிக்கை, வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி, சாதி அடையாளம் தீட்டிய சைக்கிள் எல்லாவற்றையும் பள்ளியில் தடுக்கச் சொன்னது.

இதைப் பிள்ளைகளின் திமிர் என்று மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். கயிறு கட்டுகிற பையனுக்குப் பதினைந்து வயது. ‘நான் யார்’ என்று அவன் கேட்க ஆரம்பிக்கிற நேரத்தில், ரெடிமேடாக ஒரு பதிலை யாரோ கையில் கட்டிவிடுகிறார்கள். படித்துச் சம்பாதிக்க வேண்டாம், விளையாடி ஜெயிக்க வேண்டாம், பிறந்ததே போதும். கூடவே முப்பது பேர் துணை. படிப்பும் ஏறாமல் வீட்டிலும் மதிப்பில்லாமல் இருக்கிற பையனுக்கு இதைவிட மலிவான பதில் எங்கே கிடைக்கும்? கட்டிவிடுவது பெரும்பாலும் ஊரில் இருக்கும் பெரியவர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1954-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் முஸாஃபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர் 11, 12 வயதுப் பையன்கள் 22 பேரை ஒரு முகாமுக்கு அழைத்துப்போய் இரண்டு அணியாகப் பிரித்தார். முன்பின் தெரியாத பையன்கள், ஒரே மாதிரிக் குடும்பம், ஒரே நிறம். அணிப் பெயர் சூட்டிப் போட்டி வைத்ததுமே ஒரு அணி இன்னொரு அணியின் கொடியைக் கொளுத்தியது. அறைக்குள் புகுந்து கலாட்டா செய்தார்கள். பிறகு பழுதான லாரியை இரண்டு அணியும் சேர்ந்து இழுத்தால்தான் சாப்பாடு வரும் என்ற மாதிரி வேலைகளைக் கொடுத்தபோது பகை இறங்கியது. பலரும் சொல்லாமல் விடுகிற ஒன்று: அதற்கு முந்தைய ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் அவர் நடத்திய முகாம் தோற்றுப்போனது. அந்தப் பையன்கள் பிரிப்பதற்கு முன்பே நண்பர்களாகிவிட்டார்கள். மூட்டிவிட்டும் சண்டை வரவில்லை.

எனக்கு அந்தத் தோற்ற முகாம்தான் பிடித்தது. கயிற்றை அறுக்கச் சொல்வது அவசியம்தான், அறுத்த கையோடு அவனுக்கு வேறு என்ன கொடுத்தோம் என்பது அதைவிட அவசியம். ஆறாம் வகுப்பிலிருந்தே ஆய்வகத்திலும் அணியிலும் பெயர் வரிசைப்படி ஜோடி சேர்த்துவிடுங்கள் என்று சக ஆசிரியர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் ஆரம்பித்தால் தாமதம்.

பெண் வயதுக்கு வந்த பிறகு வாயே திறப்பதில்லை. இது சாதாரணமா?

கொஞ்ச நாள் ஒதுங்குவது சாதாரணம். ஆனால் ஒதுங்கியது அவளா, ஒதுக்கியது நாமா என்று முதலில் பாருங்கள்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்கு வந்தாள். சடங்கு தடபுடலாக நடந்திருந்தது. தாய்மாமன் சீர் இருபத்தோரு தட்டு, மண்டபம், தெருமுனையில் அவள் படம் போட்ட ஃபிளெக்ஸ். பட்டுப்பாவாடை, போட்டோ, கிஃப்ட் எல்லாம் அவளுக்குப் பிடித்தே இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் அதுவரை சைக்கிளில் வந்தவள் அன்று பஸ்ஸில் வந்தாள். மாலையில் கோகோ ஆட நிற்கவில்லை. “இனிமே வேணாம்னு பாட்டி சொல்லிட்டாங்க சார்” என்றாள். சைக்கிளை விற்றுவிட்டார்களாம்.

அவள் யார் என்பதை ஒரே நாளில் ஊர் கூடி முடிவு செய்து அச்சடித்துத் தெருவில் கட்டிவிட்டது. நேற்றுவரை வேகமாக ஓடுகிற பெண், இன்று பத்திரமாக வைக்கப்பட வேண்டிய பெண். அவள் பேசாமல் இருப்பதில் என்ன வியப்பு? விழா எடுப்பதும் எடுக்காததும் உங்கள் விருப்பம். (என்னைக் கேட்டால் அந்த ஃபிளெக்ஸ் வேண்டாம்.) சைக்கிளை மட்டும் விற்காதீர்கள்.

எதிர்த்திசையிலும் சமூகம் பேச முடியும். அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் வந்தது. பணம் பெரிதில்லை என்பார்கள். எங்கள் பள்ளியில் “நான் காலேஜ் போறவ” என்று ஒன்பதாம் வகுப்பிலேயே சொல்லிக்கொள்ளும் பெண்கள் கூடியிருக்கிறார்கள். நான் பார்த்த அளவில் சொல்கிறேன்.

டாக்டர் ஆக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே சொல்வான். ஃபர்ஸ்ட் குரூப் எடுத்த பிறகு ஏன் இப்படிச் சோர்ந்து போகிறான்?

சின்ன வயதில் அவன் சொன்னதா, அவனைச் சொல்ல வைத்ததா? விருந்தாளி வந்தால் “பெரியவனாகி என்ன ஆவ, சொல்லு” என்று கேட்பதும் அவன் “டாக்டர்” என்றதும் எல்லோரும் கைதட்டுவதும் நம் வீடுகளில் நடப்பதுதான்.

ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966-ல் இளைஞர்களின் நிலையை நான்காகப் பிரித்தார். தேடவும் இல்லை, முடிவும் இல்லை என்பவர்கள், தேடிக்கொண்டே இருப்பவர்கள், தேடி முடிவெடுத்தவர்கள், தேடாமலேயே முடிவெடுத்துவிட்டவர்கள். நம் ஊரில் ‘நல்ல பிள்ளை’ என்று பெயர் வாங்குவது இந்தக் கடைசி வகை. அப்பா சொன்னார், எடுத்தேன். பிரச்சினை வருவது முதல் தடவை ஃபெயில் ஆகும்போது. மற்றவனுக்கு ஒரு பரீட்சை போகும். இவனுக்கு ‘நான் யார்’ என்பதே போய்விடும், ஏனென்றால் அவனிடம் இருந்தது அந்த ஒரு பதில்தான்.

காமர்ஸ் எடுத்தால் மானம் போகும் என்று நினைக்கிற வீடுகளுக்கு ஒன்று சொல்வேன். பத்தாம் வகுப்பு விடுமுறையில் பிள்ளையை ஒரு ஆடிட்டர் ஆபீஸ், ஒரு ஒர்க்‌ஷாப், ஒரு நர்சரி, ஒரு மருந்துக்கடை என்று இரண்டிரண்டு நாள் உட்கார வையுங்கள். அப்புறமும் டாக்டர் என்றால் சந்தோஷமாக அனுப்புங்கள்.

இன்ஸ்டாகிராமே கதி என்று கிடக்கிறாள். அது அவளை மாற்றிவிடுமா?

‘எல்லாரும் என்னையே பாக்குறாங்க’ என்ற எண்ணம் இன்ஸ்டாவுக்கு முன்பே இருந்தது. உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967-லேயே அதற்குக் கற்பனைப் பார்வையாளர்கள் என்று பெயர் வைத்தார். முகத்தில் ஒரு பரு வந்தால் பள்ளிக்கே வரமாட்டேன் என்பது அதனால்தான். 2000-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு வேடிக்கையான சோதனை: மாணவர்களுக்குக் கூச்சம் தரும்படியான ஒரு பழைய பாடகரின் படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு, ஒரு அறைக்குள் போய்வரச் சொன்னார்கள். பாதிப்பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தது கால்வாசிப்பேர்கூட இல்லை. இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

இப்போது வந்த மாற்றம், அந்தக் கற்பனைப் பார்வையாளர்களுக்கு எண்ணிக்கை வந்துவிட்டது. லைக் 43, வியூஸ் 210. முன்பு யூகம், இப்போது ரசீது. ஆஸ்திரேலியா 16 வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கே கூடாது என்று சட்டம் போட்டு 2025 டிசம்பரில் அமலுக்கும் கொண்டுவந்துவிட்டது. சட்டம் நம் வீட்டுக்கு வரும்வரை, அவள் அங்கே என்ன போடுகிறாள் என்று பாருங்கள். ஓவியம் போட்டு நாலு பேரிடம் பேசுகிற பெண்ணும், தன் முகத்தை மட்டும் போட்டுவிட்டு எண்ணிக்கையை எண்ணுகிற பெண்ணும் ஒன்றல்ல.

அப்படியென்றால் ஃபோனை வாங்கிப் பார்த்துவிடலாமா?

ஒருமுறை பார்ப்பீர்கள். அடுத்த வாரம் அவளிடம் இரண்டாவது கணக்கு இருக்கும்.

ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகளை வைத்து ஹோகன் ஸ்டட்டின், மார்கரெட் கெர் இருவரும் 2000-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்தும். பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிவதில் பெரும்பங்கு பிள்ளை தானாகச் சொன்னது. கண்காணித்துத் தெரிந்துகொண்டது கொஞ்சம்தான். பிள்ளை எப்போது தானாகச் சொல்லும்? போன தடவை சொன்னபோது என்ன நடந்தது என்பதைப் பொறுத்து. மிரட்டல், பணம் கேட்பது, தெரியாத ஆள் படம் கேட்பது மாதிரி ஏதாவது தெரிந்தால் அது வேறு, தயங்காமல் தலையிடுங்கள்.

காதல் என்று தெரியவந்தால்?

அடிக்காதீர்கள், ஊரைக் கூட்டாதீர்கள், அடுத்த மாதமே மாப்பிள்ளை பார்க்காதீர்கள். இந்த வயதுக் காதலில் பெரும்பகுதி ‘நான் ஒருவருக்கு முக்கியமானவன்’ என்று கேட்டுப் பார்ப்பது. பேசவிட்டால் பல தானாகவே கரைகின்றன; பூட்டினால் அதுவே அவர்களின் முழு அடையாளமாகிவிடுகிறது.

அதோடு பிள்ளைகள் இருவரும் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே பாலியல் உறவுக்குச் சம்மதம் என்ற பேச்சே செல்லாது. பதினேழு வயதுப் பையன் மீது வழக்கு வருவது நம் மாவட்டங்களில் புதிதல்ல. பயமுறுத்துவதற்காக இல்லை, தகவலாகச் சொல்லுங்கள்.

எப்போது வெளியே உதவி தேட வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு, தூக்கம் குலைந்தால், பிடித்ததையெல்லாம் விட்டுவிட்டால், ‘நான் இல்லாட்டி என்ன’ என்ற மாதிரிப் பேச்சு வந்தால், அல்லது கையில் கீறல் தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். 14416 டெலி மானஸ், மனநல ஆலோசனைக்கு. 1098 குழந்தைகள் உதவி எண். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. போனால் பைத்தியம் என்பார்களே என்ற பயம் பிள்ளையைவிடப் பெற்றோருக்குத்தான் அதிகம்.

(ஒரு மாணவன் கேட்டது) வீட்டுல ஒரு ஆள், கிரவுண்டுல ஒரு ஆள், இன்ஸ்டால ஒரு ஆளா இருக்கேன். இதுல எது சார் நெஜ நான்?

அமெரிக்க உளவியலாளர் சூசன் ஹார்ட்டர் இதையே பிள்ளைகளிடம் கேட்டு ஆராய்ந்திருக்கிறார். தனக்குள் இருக்கும் முரண்பாடு பதினைந்து வயது வாக்கில்தான் ரொம்ப உறுத்துகிறது. அப்புறம் மெல்லக் குறைகிறது என்று கண்டார். அதை அவனிடம் சொன்னேன். மூன்று இடம் இருப்பது நல்லதுதான் என்றும் சொன்னேன். ஒரு இடத்தில் அடி வாங்கினால் மற்ற இரண்டில் போய் நிற்கலாம். ஒரே இடம் மட்டும் இருக்கிற பையன்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். மூன்றில் எந்த இடத்தில் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள் என்றேன்.

நானும் அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டேன். பள்ளியில் சார், அம்மா வீட்டில் இன்னும் ‘சின்னவன்’, சாயங்காலம் டீக்கடையில் கூட்டாளிகளோடு வேறு ஆள்.

“உங்கள டீக்கடைல பாத்திருக்கேன் சார்” என்றான். “அங்கயும் வாத்தியார் மாதிரிதான் நிப்பீங்க.”